தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்லணுமா

கோர்ட்டுன்னு சொன்னதுமே நீங்க என்ன எதிர்பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். முதல்ல சுத்தியல். டொக், டொக், டொக். அப்புறம் ‘ஆர்டர், ஆர்டர்’னு தொண்டையில கல்லு உருள்ற மாதிரி ஒரு குரல். அப்புறம் கூண்டுல ஒரு பொம்பள தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, கண்ணக் கட்டின சிலையப் பாத்துக் கைய நீட்டி ஒரே மூச்சுல பேசணும், நீங்க கைதட்டணும். மன்னிக்கணும். இங்க சுத்தியலும் கிடையாது, சிலையும் கிடையாது. ஜட்ஜு மேசையில ஒரு பிளாஸ்க், ஒரு மாத்திரை டப்பா, அவ்வளவுதான். பக்கத்துல டைப் அடிக்கிற அம்மாவுக்கு எட்டுனாப் போதும்னு அவரு பாட்டுக்கு மூக்கால, மெதுவா, மூணு வார்த்தைக்கு ஒருக்கா கண்ணாடிய மேல தள்ளிக்கிட்டுச் சொல்லிட்டே போறாரு. எங்க அக்கா மீனாள் தன் புருஷன அடிச்சுச் சாகடிச்சது நிஜந்தான், ஆனா அது கொலை இல்ல, கொலைக்கு ஒரு படி கீழன்னு அவரு சொல்லி முடிச்சப்ப பின்பெஞ்சுல யாருக்கோ விக்கல். பாதிப் பேருக்கு என்ன சொன்னாருன்னே விழல. எனக்கு விழுந்துச்சு. பலகுரல் பண்றவன் நான், காதுதானே எனக்குச் சோறு போடுது. முன்னாடியே திட்டம் போடல, ஒரே அடி, வாசல்ல கிடந்த சென்ட்ரிங் முட்டுக்கட்டைய எடுத்து அடிச்சது, அடிச்சுட்டு ஓடாம உக்காந்திருந்தது, எல்லாத்தையும் சொன்னாரு. தண்டனையைப் பத்திச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேக்குறேன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இதுதான் கோர்ட்டு. டிக்கெட் வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துருங்க.

இப்ப புங்க மரத்தடி சிமெண்டு பெஞ்சுல நான். கையில எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம், பிரிக்கல. பிரிச்சா மணம் வரும், மணம் வந்தா பசிக்கும், பசிச்சா சாப்பிடத் தோணும், அக்காவுக்கு என்ன ஆகும்னு தெரியாதப்ப வயிறு பாட்டுக்குத் திங்கிதேன்னு இருக்கும். பத்து வருஷம் வரைக்கும் போடலாமாம். இல்லன்னா இதுவரைக்கும் உள்ள இருந்ததே போதும், போயிட்டு வான்னு இன்னைக்கே விட்டுரலாமாம். இலவசமா வாதாட வந்த வக்கீலம்மா ஜெசிந்தா காலையில அப்படித்தான் சொன்னாங்க. பத்துக்கும் சைபருக்கும் நடுவுல என்ன இருக்குன்னு கேட்டேன். நீங்கதான் இருக்கீங்கன்னாங்க. அந்தம்மா பேசுறது ஸ்பீடா இருக்கும், கடைசி வார்த்தைய முழுங்கிடும். ‘நீங்கதான் இருக்கீ’. அதக்கூட மனசு எடுத்து வெச்சுக்கிருச்சு பாருங்க, எங்க எப்பப் பண்ணலாம்னு. மதியம் ஜட்ஜு அக்காவப் பாத்துக் கேப்பாரு, ‘தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்லணுமா’ன்னு. எல்லாரையும் கேப்பாங்க, அது முறை. அக்கா வாயத் தொறக்க மாட்டா. அப்ப வக்கீலம்மா எந்திரிச்சு, இவங்களுக்குத் தம்பி இருக்காரு, கோர்ட்டுலதான் இருக்காருன்னு சொல்வாங்க. நான் எந்திரிச்சு நிக்கணும். என்ன சொல்லணும்? என் வீடு இருக்கு, நான் வெச்சுக் காப்பாத்துறேன், அது ஒண்ணு. ரெண்டாவது ஒண்ணு இருக்கு. அத அப்புறம் பாப்போம். முதல்ல முதலாவது.

‘ஐயா’ன்னு ஆரம்பிக்கணும். ஐயான்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தா கோர்ட் ஐட்டம் வந்து நிக்குது. எந்தத் திருவிழா மேடைக்குப் போனாலும் நான் பண்றதுதான். தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்லணுமா? ஐயா, வயசான அம்மா ஐயா. பி.பி. ஐயா, சுகர் ஐயா. மூணு பொம்பளப் புள்ளைங்க ஐயா. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகல ஐயா. அப்புறம் மூணு பொம்பளப் புள்ள? இங்க நான் பேச மாட்டேன். சும்மா நிப்பேன். சனம் பொறுக்க முடியாம இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாக்கும். அப்பத்தான், பக்கத்து வீட்டுதுங்க ஐயா. பந்தல் ஆடும். வக்கீலுங்களே வந்து கையக் குலுக்கியிருக்காங்க. காலையில உள்ள உக்காந்து நாலஞ்சு பேரு நெசமாவே அதத்தான் சொல்றதக் கேட்டேன். திருட்டுச் செம்மண்ணு ஏத்துன லாரி டிரைவர் ஒருத்தரு, வயசான அம்மா ஐயான்னாரு. நான் மேடையில பண்ற அதே இழுவை. சிரிப்பு வரல. ஏன்னா அவருக்கு அம்மாதான் இருக்கு, வேற எதச் சொல்லுவாரு? மனுஷன்கிட்ட கைவசம் இருக்கிறதே அம்மா, புள்ள, வியாதி, அவ்வளவுதானே. எங்க அக்காவுக்கு அதுவும் முழுசா இல்ல. அம்மா போய்ச் சேந்துருச்சு. வியாதி? முட்டி வலிய வியாதின்னு ஜட்ஜுகிட்டச் சொல்ல முடியாதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. புள்ள இல்ல. புள்ள இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு பேனாவ உதட்டுல தட்டிக்கிட்டே சொன்னாங்க. புள்ள இல்லன்னுதான் அந்த ஆளு அடிச்சாரு. இப்ப புள்ள இல்லன்னு இங்கயும் ஒரு மார்க் கம்மி.

அடிச்சாரு. பாத்தீங்களா, வந்துருச்சு, ரெண்டாவது. எதச் சுத்திப் போனாலும் அந்த முக்குக்கே வந்து நிக்கிது. எங்க அப்பா கட்டுன வீடு அது. அப்பா போனப்புறம் நடுவுல ஒரு செங்கல் சுவரு எழுப்பி, இந்தப் பக்கம் நானும் என் பொண்டாட்டி வாசுகியும், அந்தப் பக்கம் அக்காவும் மச்சானும். மச்சான் துரைமாணிக்கம் சென்ட்ரிங் மேஸ்திரி, அவரே எழுப்புன சுவரு. ஊருக்கெல்லாம் கான்கிரீட்டு போட்டவரு, இதுக்கு மட்டும் ஒத்தக் கல்லு வெச்சு, எங்க பக்கம் பூசாமயே விட்டுட்டாரு. அந்தப் பக்கம் டம்ளர் வெச்சா இந்தப் பக்கம் கேக்கும். சாயந்தரம் சீரியல் ஓடுற நேரத்துக்கு வருவாரு. செருப்ப ஒதறுவாரு. தொண்டையச் செருமுவாரு. எங்க போனன்னு கேப்பாரு. எங்கயும் போயிருக்க மாட்டா. கடைக்குக்கூடப் போகாதவ. எங்க போனன்னு ரெண்டாவது தடவ கேக்குறப்ப குரல் இறங்கும், கோவத்துல ஏறும்னுதானே நெனப்பீங்க, இல்ல, இறங்கும், கொஞ்சுற மாதிரி ஆயிடும். அப்புறம் ஒரு அமைதி. அப்புறம்தான் அடி. வாசுகி டிவி சத்தத்தக் கொறைப்பா. போயிப் பாருங்கன்னு சொல்லுவா. மொதல்ல வாயால சொன்னா, அப்புறம் கண்ணால, அப்புறம் டிவி சத்தத்தக் கூட்டி வெச்சிட்டா. புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நாம போனா அக்காவுக்குத்தான் அசிங்கம்னு நான் சொல்லியிருக்கேன். நல்ல காரணம். இப்பவும் நல்லாத்தான் இருக்கு. ஒருக்கா போகலாம்னு எந்திரிச்சேன். லுங்கிய இறுக்கிக் கட்டினேன். அதுக்குள்ள சத்தம் நின்னுருச்சு. நின்னதுக்கு அப்புறம் போயி என்னத்தக் கேக்குறது?

போலீஸு வந்த அன்னைக்கு மச்சான் வாசல்ல கெடக்காரு, அக்கா படியில உக்காந்திருக்கா, கை மடியில. இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, சண்டை நடக்குமா, சத்தம் கித்தம் கேக்குமான்னாரு. நான் ஒண்ணும் கேக்காது சார்னேன். கெட்ட எண்ணத்துல சொல்லல, சத்தியமா. சண்டைன்னு சொன்னா அடிக்க இவளுக்குக் காரணம் இருந்துச்சுன்னு ஆயிடுமே, நானே மாட்டி விட்டதாயிடுமேன்னு பயம். சட்டம் எனக்குத் தெரிஞ்சது படத்துல பாத்ததுதான். காரணம் கெடச்சா குற்றவாளி. காரணமே இல்லன்னா வுட்டுருவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் சாட்சிக் கூண்டுல ஏத்துனப்பவும் அதேதான், சத்தியம் பண்ணி, நல்லா மைக்குக்கு முன்னாடி நிக்கிற மாதிரி நிறுத்தி, தெளிவா. நாங்க பக்கத்துல பக்கத்துலதான் இருக்கோம், எந்தச் சத்தமும் கேட்டது கிடையாது. எறங்கி வெளிய வந்தா வக்கீலம்மா இந்த மரத்துக்கிட்டதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. அன்னைக்கு மட்டும் கடைசி வார்த்தைய முழுங்கல.

“காப்பாத்துறதா நெனச்சு அவங்ககிட்ட இருந்த ஒரே நியாயத்தப் புடுங்கிட்டீங்க, அடைக்கலம்.”

அவரு வருஷக் கணக்கா அடிச்சதுதான் இவளுக்குச் சாதகமாம். அதத்தான் கோர்ட்டு தராசுல போடுமாம். அடி வாங்கினதுக்கு மதிப்பு உண்டாம், ஆனா யாராச்சும் கேட்டிருக்கணுமாம். இன்னைக்குக் காலையில ஜட்ஜு அதையும் படிச்சாரு, மூக்கால, ‘ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் உடன்பிறந்த தம்பியே எந்தச் சத்தமும் கேட்டதில்லை என்று கூறியிருக்கும் நிலையில்’, கண்ணாடி, ‘இறந்தவர் தொடர்ந்து துன்புறுத்தி வந்தார் என்ற வாதத்தை’, கண்ணாடி, ‘ஏற்க இயலவில்லை’. நிலையில். எவ்வளவு அழகான வார்த்தை. நிலையில நான் நின்னுக்கிட்டிருந்தேன் பின்னாடி, தூணப் புடிச்சுக்கிட்டு.

இப்ப அத மாத்திச் சொல்லணும். அதுதான் ரெண்டாவது. கேட்டுச்சுங்கய்யான்னு சொல்லணும். சொன்னா, அப்ப முன்னாடி சொன்னது பொய்யான்னு கேப்பாரு. பொய் சாட்சிக்கு உள்ள போடுவாங்களான்னு காலையில வக்கீலம்மாவக் கேட்டேன். பாத்துக்கலாம்னாங்க. பாத்துக்கலாம்னு மெக்கானிக் சொன்னா வண்டி ஓடாது, டாக்டர் சொன்னா பயப்படணும், வக்கீல் சொன்னா என்னன்னு எனக்குத் தெரியல. கார்த்திகை வரைக்கும் புரோகிராம் இருக்கு. வாசுகிக்கு நான் இல்லன்னா கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியாது. சரி, அது பரவாயில்ல, கத்துக்குவா. பயம் அதுல இல்ல. கேட்டுச்சுன்னு சொன்னா அதுக்கு அடுத்த கேள்வி ஒண்ணு இருக்கே. கேட்டுட்டு என்ன பண்ணுன? ஜட்ஜு கேக்காமகூடப் போகலாம். அவரு பசியோட இருக்காரோ என்னமோ. ஆனா அக்கா அங்க நின்னுக்கிட்டிருப்பா. ரெண்டடி தூரத்துல. அவ கேப்பா, வாயத் தொறக்காம. கொஞ்சம் தண்ணி ஊத்திச் சொன்னா என்ன? எப்பவாச்சும் கேக்கும் ஐயா. லேசா. டிவி ஓடிக்கிட்டு இருக்கும், சரியாப் புரியாது. இது நல்லா இருக்கு. இது பொய்யும் இல்ல, முழுசும் இல்ல.

கண்ண மூடுனா ஜட்ஜு என்னைத்தான் கூப்பிடுறாரு. கூண்டுல நிக்கிற எதிரி அடைக்கலம், தொழில் பலகுரல். தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்லணுமா? ஐயா, நான் சின்னக் கலைஞன் ஐயா. தைரியசாலி இல்ல ஐயா, நாலு பேரு குரல்ல பேசிப் பொழைக்கிறவன். மச்சான் கை பெரிய கை ஐயா, கம்பி வளைக்கிற கை. நான் போயிருந்தா எனக்கும் விழுந்திருக்கும், அப்புறம் அவளுக்கு இன்னும் ஜாஸ்தி விழுந்திருக்கும். சின்ன வயசுல அவதான் என்னைய இடுப்புல தூக்கிட்டுப் போவா ஐயா. அது உனக்குச் சாதகமா, பாதகமா? தெரியல ஐயா. முதல் குற்றமா? இல்ல ஐயா. பின்ன? தெனம் ஐயா, சாயந்தரம் சாயந்தரம். மரத்தடியில யாரோ திரும்பிப் பாக்குறாங்க. சத்தமாப் பேசிட்டேன் போல. ஜெராக்ஸ் கடைக்காரரு சிரிக்கிறாரு. என்னைத் தெரியும் அவருக்கு. நான் தண்ணி கேட்டாலே சிரிக்கிறவங்க இந்த ஊருல உண்டு. எங்க அம்மா செத்தப்ப பொணத்து மேல விழுந்து அழுதேன், கூட்டத்துல ஒருத்தன் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட, யாரு குரல்ல அழுவுறான்னு கேட்டான். உள்ள ஜட்ஜு முன்னாடி நின்னு கேட்டுச்சுங்கய்யான்னு நான் சொன்னதும் பின்பெஞ்சு சிரிச்சிருச்சுன்னா? அந்தச் சிரிப்புல அக்காவோட பத்து வருஷம் போயிடுமே.

ஆனா அந்த ஐட்டம்தான் எனக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சு. கோர்ட் ஐட்டம் இல்ல, இன்னொண்ணு. குடிகாரப் புருஷன். இத நெனைக்கக் கூடாதுன்னு பஸ்ஸ விட்டு எறங்குறப்பவே முடிவு பண்ணியிருந்தேன். பங்குனித் திருவிழாவுல மொதத் தடவ பண்ணேன். செருப்ப ஒதறி, தொண்டையச் செருமி, எங்க போன. சனம் லேசாச் சிரிச்சுச்சு. குரல எறக்கி, ரெண்டாவது எங்க போன. அப்புறம் அந்த அமைதி. நான் சும்மா நின்னேன். மைக்குல மூச்சு மட்டும். அந்த அமைதியில ஆயிரம் பேரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. டைமிங்னா அடைக்கலம்தான்யான்னு கமிட்டித் தலைவர் மாலை போட்டாரு. என் டைமிங் இல்ல அது. மச்சானோடது. சுவத்துல காத வெச்சு நான் எடுத்துக்கிட்டது. காத வெச்சுன்னா, நெசமாவே வெச்சு. அந்த அமைதி எவ்வளவு நேரம்னு சரியா வரல, ஒருநா சாயந்தரம் டிவிய நானே நிறுத்திட்டுக் கேட்டேன். வாசுகி என்னையே பாத்துக்கிட்டு நின்னா, கையில கரண்டியோட. மச்சானும் முன்வரிசையில உக்காந்திருந்தாரு, வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு, முடிஞ்சதும் என் தோள்ல கையப் போட்டு, யாருடா மாப்ள அந்தக் குடிகாரன், நம்மூரு ஆளான்னு கேட்டாரு. அவருக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. அக்காவும் பொம்பளைங்க பக்கம் இருந்தா. அவளும் சிரிச்சா. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு. சிரிச்சாளா? தோளு குலுங்குச்சு. தூரம் ஜாஸ்தி, டியூப்லைட்டு வெளிச்சம், பூச்சி வேற. சிரிச்சான்னுதான் இத்தன நாளா வெச்சிருக்கேன். அவ சிரிச்சிருந்தா நான் அவளுக்கு ஏதோ செஞ்சிருக்கேன்னு ஆவுது இல்லையா. அவ வலியத் தமாஷாக்கிக் குடுத்திருக்கேன், கொஞ்சம் லேசாகட்டும்னு. இதையும் தராசுல போடலாம். போடுங்கய்யா.

வக்கீலம்மா வராங்க, கருப்பு அங்கி காத்துல பறக்க. ஜட்ஜு வந்தாச்சாம், முதல் கேஸே நம்மளதாம். வீடு இருக்குங்கிறதையும் சொல்லணும், கேட்டதையும் சொல்லணும், ரெண்டையும் சேத்து, சுருக்கமா, குரல் கிரல் மாத்தாமன்னு சொல்லிட்டு, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்கன்னு உள்ள போயிட்டாங்க. பொட்டலத்த பெஞ்சுலயே வெச்சுட்டு எந்திரிச்சேன். லுங்கிய இறுக்குற மாதிரி வேட்டிய இறுக்குறேன். கோர்ட்டு வராண்டா ஓரத்துல திருச்சி ஜெயில்லேருந்து கூட்டிட்டு வந்த ஏட்டம்மா பஞ்சவர்ணமும் அக்காவும் ஒரே பெஞ்சுல, ஆளுக்கொரு தயிர்சாத டப்பா. ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிச்சிட்டு இருந்தாங்க, நான் வர்றதப் பாத்ததும் சிரிப்பு நின்னுருச்சு. அக்கா முகம் தெளிஞ்சிருக்கு. கன்னத்துல சதை போட்டிருக்கு. ஜெயில் சோத்துல யாருக்காச்சும் சதை போடுமா? ஜாமீன் கேக்குற மனுவுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டவ. பாக்கப் போனா பாதி நேரம் தலவலின்னு சொல்லி அனுப்பிருவா. அதிர்ச்சி, அடங்குனா சரியாயிடும்னு டாக்டர் மாதிரி நானே சொல்லிக்குவேன். அக்கா, நீ ஒண்ணும் பேச வேணாம்னேன். நான் பாத்துக்கிறேன். இன்னைக்கே விட்டுருவாங்க. நம்ம வீட்டுக்குப் போயிரலாம். உன் பக்கம் வெள்ளையடிச்சு, வாசல்ல புதுசா பல்பு போட்டு வெச்சிருக்கேன், வாசுகி உனக்குக் கட்டிலு போட்டிருக்கா, சுவத்தோரமா, காத்து வரும். எல்லாத்தையும் மூச்சு விடாமச் சொன்னேன். எங்கயுமே நிறுத்தல. நிறுத்துனா அந்த அமைதி வந்துருமோன்னு பயம். அக்கா டப்பாவ மூடுனா. மூடி சரியா உக்காரல, திருப்பி எடுத்து மூடுனா.

“சாப்ட்டியாடா?”ன்னு கேட்டா.

சாப்ட்டேன்னேன். அதுவும் பொய். உள்ள பேரு கூப்பிடுறாங்க, மீனாள், மீனாள், டவாலி குரலு, அடித்தொண்டை, கடைசி எழுத்துல ஒரு இழுவை. அக்கா எந்திரிச்சா. நானும் கூடவே நடந்தேன். அக்கா, ஜட்ஜு கேட்டா, சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லிடுறேன், லேசான்னேன். அவ பாட்டுக்கு நடந்தா. ஏட்டம்மாதான் வாயில இருந்ததை முழுங்கிட்டு என்னைப் பாத்தாங்க. அக்கா அவங்க கையப் புடிச்சு, ஏட்டம்மா, வேணாம் விடுங்கன்னா, தணிஞ்ச குரல்ல.

“இல்ல மீனாக்கா, அங்க போயி இவரு பாட்டுக்கு எந்திரிச்சு நிக்கப் போறாரு. சார், அவங்க குறைச்சுக் கேக்கப் போறதில்ல. வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல அதேதான் பேச்சு. ஜட்ஜய்யா கேட்டா போட வேண்டியத முழுசாப் போட்ருங்கன்னு சொல்லப் போறாங்களாம். விட்டா உங்க வீட்டுக்குத்தானே வரணும். அடிச்ச ஆளு செத்துட்டாரு, கேட்டுக்கிட்டிருந்த ஆளு அங்கதான் இருக்காருங்கறாங்க.”